ஒரே மாத்திரை, மூன்று வயது

கேள்வி: என் 10 வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு இருப்பதாகக் கண்டறிந்து, எட்டு மாதங்களாக மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துவருகிறோம். அவனை அழைத்துப் போனபோதுதான் எனக்கும் அதே கோளாறு இருப்பது தெரியவந்தது. 43 வயதில் நானும் அதே மருந்தை ஐந்து மாதங்களாகச் சாப்பிடுகிறேன். முதல் இரண்டு வாரம் எனக்கு உலகமே வெளிச்சமானதுபோல் இருந்தது. இப்போது அந்த உற்சாகம் இல்லை. மகனோ ஒருநாளும் மருந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஆனால் அவனுக்கு இரண்டு முறை அளவைக் கூட்டிவிட்டார்கள். இதற்கிடையில் 17 வயது மகள் தேர்வுக் காலத்தில் என் மாத்திரையை எனக்குத் தெரியாமல் நான்கைந்து முறை எடுத்திருக்கிறாள். அவளுக்கு இந்தக் கோளாறு கிடையாது. முதல் தடவை ஒன்றுமே ஆகவில்லையாம். அடுத்த தடவை இரண்டாக விழுங்கினாளாம். கடைசி முறை விடிய விடியப் படித்தாள், மறுநாள் முழுக்கப் படபடவென்று பேசிக்கொண்டே இருந்தாள். ஊக்க மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இளம் எலிகளின் மூளை அதற்கு மேலும் மேலும் கூர்மையாகிவிடுகிறது, பிற்காலத்தில் போதையை நாடுகிறது என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மகனுடைய மருந்தை நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதில், பிறகு காரணம். இந்தப் பயத்துக்காக மகனின் மருந்தை நிறுத்தாதீர்கள். நீங்கள் படித்த எலி ஆய்வு பொய்யில்லை. ஆனால் அது உங்கள் வீட்டில் யாருக்குப் பொருந்துகிறது என்று பார்த்தால், 10 வயதுப் பையனைவிட 17 வயதுப் பெண்ணுக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. கடிதத்தில் அவளைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு மகனிடம் வந்துவிட்டீர்கள். நான் அவளிடம்தான் அதிக நேரம் நின்றேன்.

ஒரு மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடல் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். ஒன்று, பழகிப்போவது. அதே அளவுக்குப் பலன் வரவரக் குறையும். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மற்றது இதற்கு நேர்மாறு: அதே அளவுக்கு எதிர்வினை கூடிக்கொண்டே போகும். இதைத்தான் நீங்கள் கூர்மை என்று படித்திருக்கிறீர்கள். நானும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். ஆம்ஃபெட்டமைன், கோகெய்ன், மெத்தில்ஃபெனிடேட், நிகோட்டின் ஆகிய எல்லாவற்றுக்கும் இது நடக்கும். எலிக்கு முதல் நாள் ஊசி போட்டால் கூண்டுக்குள் ஓடும். சில நாள் கழித்து அதே அளவு மருந்துக்கு இன்னும் வேகமாக ஓடும். பிறகு மருந்தே இல்லாமல் மாதக்கணக்கில் விட்டுவைத்து ஒரு முறை கொடுத்தாலும் அந்த வேகம் அப்படியே திரும்பி வரும்.

விசித்திரம் என்னவென்றால், ஒரே உடலில் ஒரே மருந்துக்கு இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். மருந்து தரும் இன்பம் மங்கும். மருந்தின் மேல் நாட்டம் கூர்மையாகும். டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-இல் போதைப் பழக்கத்தையே இந்தக் கோணத்தில் விளக்கினார்கள். ஒன்று பிடித்திருப்பது வேறு, அது வேண்டும் என்று மனம் தவிப்பது வேறு. கூர்மையாவது அந்தத் தவிப்பு. பல ஆண்டுகளாகப் போதையில் சிக்கியவர்களிடம் பேசிப் பாருங்கள். "இப்போதெல்லாம் அதில் ஒன்றும் இல்லை, ஆனால் விட முடியவில்லை" என்பார்கள். அந்த வாக்கியத்தின் முதல் பாதி பழகிப்போனது, இரண்டாம் பாதி கூர்மையானது.

இது எலிகளோடு நின்றுவிடவில்லை. மான்ட்ரியலில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 10 ஆண்களுக்கு ஆம்ஃபெட்டமைன் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அதே அளவைக் கொடுத்தபோது மூளையில் நாட்டத்தைத் தூண்டும் வேதிப்பொருளான டோபமைன் முதல் தடவையைவிட அதிகம் சுரந்தது. ஓராண்டு கழித்துக் கொடுத்தபோதும் அப்படியே. மூன்றே மாத்திரை, ஒரு வருட நினைவு. எங்கள் துறையில் இருப்பவர்களையே நிமிர்ந்து உட்காரவைத்த முடிவு இது.

அப்படியானால் எட்டு மாதமாகத் தினமும் சாப்பிடும் மகனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கொஞ்சம் பொறுங்கள். கூர்மை ஏறுமா, பழகிப்போகுமா என்பதை மருந்தின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு, எவ்வளவு வேகமாக மூளைக்குப் போய்ச் சேர்கிறது, எந்த இடைவெளியில் என்பவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. விட்டுவிட்டு, அதிக அளவில், சட்டென்று ஏறும்படி கொடுத்தால் கூர்மை வரும். அதே மருந்தைச் சொட்டுச் சொட்டாக இடைவிடாமல் உடலுக்குள் செலுத்திக்கொண்டிருந்தால் உடல் பழகிப்போகும். விலங்கு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது.

வேகத்தைப் பற்றி ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு மூளையைப் படமெடுக்கும் கருவியில் நேரடியாகவே அளந்து பார்த்தது. வாயால் விழுங்கிய மெத்தில்ஃபெனிடேட் மூளையில் உச்சத்தைத் தொட 60 முதல் 90 நிமிடம் ஆகிறது. நரம்பு வழியாகச் செலுத்தினால் பத்து நிமிடத்துக்குள் உச்சம். இரண்டு வழியிலும் மருந்து மூளையில் பிடிக்கும் இடம் ஒன்றுதான். ஆனால் வேகமாக ஏறியது மட்டும்தான் கிறக்கம் தந்தது. எலி ஆய்வைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டிய வரி இதனால் மருந்தின் பெயர் இருக்கும் வரியில்லை. அதை எப்படிக் கொடுத்தார்கள் என்ற வரி. பெரும்பாலான ஆய்வுகளில் அது வயிற்றறைக்குள் போட்ட ஊசி. வளரிளம் எலிகளுக்கு வாய்வழியாக, பிள்ளைகளின் ரத்தத்தில் காணப்படும் அளவுக்கு ஒத்துப்போகும்படி மெத்தில்ஃபெனிடேட் கொடுத்து 2002-இல் இரண்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அந்த எலிகளுக்குக் கூர்மை வரவில்லை. பிறகு ஆம்ஃபெட்டமைன் வகையைச் சேர்ந்த மெத்தாம்ஃபெட்டமைனைக் கொடுத்தபோதும் அவை மிகையாக எதிர்வினை காட்டவில்லை. நீங்கள் படித்தது எந்த வகை ஆய்வு என்று கடிதத்தில் இல்லை. என் ஊகம், ஊசி.

இனி வயது. இங்கேதான் விஷயம் சுவையாகிறது, சிக்கலும் ஆகிறது.

மூன்று வாரம்கூட நிறையாத எலிக்குட்டிக்கும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கூர்மை வரும். ஆனால் அது தங்காது, சீக்கிரம் மறைந்துவிடும். மாதக்கணக்கில் நிலைக்கும் கூர்மை நான்காம் வாரத்தை ஒட்டித்தான் தலைகாட்டுகிறது. எலிக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் என்பது நம் கணக்கில் வளரிளம் பருவம். அந்தப் பருவத்து எலியின் நடத்தை தனி ரகம். முதல் தடவை ஆம்ஃபெட்டமைனோ கோகெய்னோ கொடுத்தால், வளர்ந்த எலியைவிட இது குறைவாகவே ஆடும். லிண்டா ஸ்பியரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980-களிலிருந்து இதைக் காட்டிவந்தார்கள். மருந்தின் கசப்பான பக்கமும் இந்த வயதில் குறைவாகவே உறைக்கிறது. ஒரு சுவையோடு சேர்த்து ஆம்ஃபெட்டமைனைக் கொடுத்தால் வளர்ந்த எலி அடுத்த முறை அந்தச் சுவையையே ஒதுக்கும். இளம் எலி அவ்வளவாக ஒதுக்காது. ஆக முதல் அடியில் கிறக்கமும் குறைவு, தண்டனையும் குறைவு. திரும்பத் திரும்பக் கொடுத்தால் என்ன ஆகிறது என்பதில் முடிவுகள் ஒரே திசையில் இல்லை: சில ஆய்வுகளில் இளம் எலி பெரியதைவிட அதிகக் கூர்மை காட்டியது, சிலவற்றில் குறைவாக. எந்த மருந்து, எத்தனை நாள், ஆணா பெண்ணா, ஓட்டத்தை அளந்தார்களா வேறு நடத்தையை அளந்தார்களா என்பதைப் பொறுத்து முடிவு புரள்கிறது. ஆனால் அதிக அளவு கோகெய்னை ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டுப் பார்த்த ஆய்வில், சில நடத்தைகளில் இளம் எலிகளே அதிகம் கூர்மையடைந்தன.

இன்னொரு ஜோடி ஆய்வைச் சொல்லாமல் நகர மனமில்லை. 2001-இல் ஒரு குழு வளரிளம் எலிகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தது. அவை வளர்ந்தபின் கோகெய்னை அதிகம் நாடின. 2002-இல் வேறொரு குழு, பிறந்த 20-ஆம் நாளிலிருந்து 35-ஆம் நாள்வரை, அதாவது இன்னும் சிறு வயதில் தொடங்கி, அதே மருந்தைக் கொடுத்தது. அவை வளர்ந்தபின் கோகெய்ன் கிடைத்த இடத்தை விரும்பவில்லை, ஒதுங்கக்கூடச் செய்தன. ஒரே மருந்து, சில நாள் வயது வித்தியாசம், எதிரெதிர் முடிவு. இதில் முதல் ஆய்வை மட்டும் படித்தவர் பதறுவார். இரண்டாவதை மட்டும் படித்தவர் நிம்மதியாகத் தூங்குவார். இரண்டையும் படித்தவர் தூங்கலாம், ஆனால் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. டோபமைனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் குழந்தைப் பருவத்தின் முடிவில் தேவைக்கு அதிகமாகப் பெருகி, வளரிளம் பருவம் முழுக்கக் கழிக்கப்படுகின்றன. கட்டுமானம் நடக்கும் வீட்டில் எந்த வாரம் போய்ப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துச் சுவர் இருக்கும், அல்லது இருக்காது.

இப்போது உங்கள் மகனிடம் வருவோம்.

அவன் ஒருநாளும் மருந்தைப் பாராட்டாதது எனக்கு வியப்பாக இல்லை. ஊக்க மருந்து குழந்தையை அமைதிப்படுத்துவதை முதலில் எழுதியவர் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், 1937-இல். அந்தக் கோளாறு உள்ள குழந்தைகளிடம் மட்டும் மருந்து தலைகீழாக வேலை செய்கிறது என்று அதற்குப் பிறகு நெடுங்காலம் நம்பினார்கள். மனநல மருத்துவர் ஜூடித் ரபோபோர்ட் அந்த நம்பிக்கையை உடைத்தார். 1978-இல் எந்தக் கோளாறும் இல்லாத சிறுவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார். அவர்களும் அடங்கி உட்கார்ந்தார்கள், அவர்களுக்கும் கவனம் கூடியது. 1980-இல் வளர்ந்த ஆண்களையும் சேர்த்து ஒப்பிட்டார். ஆண்கள் மகிழ்ச்சிப் பெருக்கைச் சொன்னார்கள். சிறுவர்களோ களைப்பாக இருக்கிறது, என்னவோபோல் இருக்கிறது என்றார்கள். இந்த இடத்தில் கோளாறு இருக்கிறதா இல்லையா என்பதைவிட வயதுதான் வேறுபாட்டைக் காட்டியது. உங்களுக்கு உலகம் வெளிச்சமானது. அவனுக்குக் கணக்குப் பாடத்தில் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார முடிந்தது. இருவருக்கும் மருந்து வேலை செய்திருக்கிறது.

அளவை இரண்டு முறை கூட்டியதை நீங்கள் அடிமைத்தனத்தின் முதல் படியாகப் பார்க்கிறீர்கள். இந்த மருந்தை மிகக் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, பலன் நிற்கும் இடத்தில் நிறுத்துவது வழக்கமான நடைமுறை. பையனும் வளர்ந்துகொண்டிருக்கிறான். மூன்றாவது, நான்காவது முறை கூட்டச் சொன்னால் அப்போது மருத்துவரிடம் காரணம் கேளுங்கள்.

வளரும் மூளையில் இந்த மருந்து எந்த மாற்றமும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு இதுவரை மருந்தே சாப்பிடாத 10 முதல் 12 வயதுச் சிறுவர்கள் 50 பேரையும், 23 முதல் 40 வயது ஆண்கள் 49 பேரையும் எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஏ.டி.எச்.டி. உண்டு. 16 வாரம் பாதிப் பேருக்கு மெத்தில்ஃபெனிடேட், பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. பிறகு ஒரு வாரம் நிறுத்திவிட்டு மூளையின் ரத்த ஓட்டத்தை வைத்து டோபமைன் அமைப்பைச் சோதித்தார்கள். மருந்து சாப்பிட்ட சிறுவர்களிடம் மட்டும் அது மாறியிருந்தது, பெரியவர்களிடம் மாறவில்லை. வயது வித்தியாசம் மனிதரிலும் உண்மை என்பதற்கு என்னிடம் உள்ள ஆகச் சிறந்த சான்று இது. அந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்பதை அந்த ஆய்வு தீர்ப்புச் சொல்லவில்லை. மாற்றம் என்ற சொல்லைப் பார்த்ததுமே சேதம் என்று படித்துவிடுகிறோம்; பள்ளிக்கூடமும் மூளையை மாற்றத்தான் செய்கிறது.

நடைமுறைக் கேள்விக்கு நடைமுறை விடை இருக்கிறது. சிறு வயதில் இந்த மருந்தைச் சாப்பிட்ட பிள்ளைகள் பின்னாளில் போதைக்கு அதிகம் அடிமையாகிறார்களா? 15 ஆய்வுகளையும் 2,565 பேரையும் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பு, ஆபத்து கூடவுமில்லை குறையவுமில்லை என்றது. சிகிச்சை பெறாத ஏ.டி.எச்.டி.க்கோ போதைப் பழக்கத்தோடு நெடுநாள் உறவு உண்டு. ஆகவே மகனுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது அவனுடைய பசி, தூக்கம், எடை, உயரம், ரத்த அழுத்தம். அவ்வளவுதான். அதை எழுதி வையுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்களைப் பற்றிச் சுருக்கமாக. முதல் இரண்டு வாரத்து வெளிச்சம் போனது பழகிப்போனதால். அது மருந்தின் பலனே இல்லை, வரவேற்பு மாலை. கேட்க வேண்டியது வேறு: தொடங்கிய வேலையை முடிக்கிறீர்களா, சாவியைத் தேடும் நேரம் குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் மருந்து நிற்கிறது. அந்த வெளிச்சத்தைத் தேடி நீங்களாக அளவைக் கூட்டினால், வேறொரு பாதையில் கால் வைக்கிறீர்கள்.

மகள்.

நான்கைந்து தடவை எடுத்ததற்காக அவளைப் போதை அடிமை என்று யாரும் சொல்லப் போவதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். ஆனால் மேலே சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவள் செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளரிளம் பருவம். விட்டுவிட்டு, தேர்வு வரும்போது மட்டும். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. அதனால் இரண்டாகப் போட்டாள். இளம் எலி முதல் அடியில் குறைவாக ஆடியது என்றேனே, அதன் மனித உருவம் இதுவாக இருக்கலாம். எலிக்கு அளவைக் கூட்ட ஆய்வாளர் வேண்டும். 17 வயதுக்கு அவளே போதும். கடைசி முறை அவள் படபடவென்று பேசியது கூர்மையா, அளவு இரட்டித்ததா, தூக்கம் கெட்டதா என்று கடிதத்திலிருந்து பிரிக்க முடியாது. மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், கூர்மையை உண்டாக்கும் முறைக்கு உங்கள் வீட்டில் மிக அருகில் நடந்தது இதுதான்.

அவளிடம் பேசும்போது எலியைப் பற்றிப் பேசாதீர்கள். மூளை கெட்டுவிடும் என்றும் மிரட்டாதீர்கள். அவள் நான்கைந்து முறை எடுத்துப் பார்த்துவிட்டாள், மூளை அப்படியே இருக்கிறது என்று நினைக்கிறாள், உங்கள் மிரட்டலை அவளுடைய அனுபவமே தோற்கடித்துவிடும். அவளுக்கு உறைக்கும் உண்மை ஒன்று உண்டு. கோளாறு இல்லாதவர்களுக்கு இவ்வகை மருந்தைக் கொடுத்துச் சோதித்த 2013-ஆம் ஆண்டு ஆய்வில், மருந்து உண்மையில் கொடுத்த ஆதாயம் சொற்பம். ஆனால் நன்றாகச் செய்தோம் என்ற எண்ணம் மட்டும் கூடியிருந்தது. விழித்திருந்த இரவு அவளுக்குப் படித்ததாகத் தோன்றும். படித்ததை மூளை பதித்துவைப்பது தூக்கத்தில். அதைத்தான் அவள் விற்றுவிட்டாள். எத்தனை, எப்போது, காபியோ ஊக்கபானமோ சேர்த்துக் குடித்தாளா, வேறு யாரும் கொடுத்தார்களா என்று கோபமில்லாமல் கேளுங்கள். முதல் பதில் முழு உண்மையாக இருக்காது. இரண்டாம் முறை கேட்கும் பொறுமையை இப்போதே சேர்த்து வையுங்கள்.

அவளுக்கே ஏ.டி.எச்.டி. இருக்குமோ என்றும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அம்மாவுக்கும் தம்பிக்கும் இருக்கும் வீட்டில், வகுப்பில் தொல்லை தராமல் கனவு கண்டுகொண்டிருக்கும் பெண் குழந்தை கண்ணில் படாமல் போவது எங்கள் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. அவளுக்கு அது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சோதித்துச் சொன்னதா, நீங்களாகச் சொன்னதா?

மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், வாரம் ஒருமுறை எண்ணுங்கள், உங்களுடையதையும் மகனுடையதையும். இது அவமதிப்பாகத் தோன்றினால், வீட்டில் எல்லோருக்கும் பொதுவான விதி என்று சொல்லிவிடுங்கள். 13 முதல் 25 வயதுவரையுள்ள, மருத்துவர் எழுதிக்கொடுத்து ஊக்க மருந்து தொடங்கியவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், சுமார் 660 பேரில் ஒருவருக்குப் புதிதாக மனப்பிறழ்வு அறிகுறிகள் தோன்றின. ஆம்ஃபெட்டமைன் எடுத்தவர்களைவிட மெத்தில்ஃபெனிடேட் எடுத்தவர்களிடம் அது குறைவு. அபூர்வம்தான். ஆனாலும் மகளுக்கு இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், இரண்டு மூன்று நாள் தூக்கமே வராமல் பொங்கும் பேச்சு ஆகியவை தென்பட்டால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. குடும்பத்தில் இளம் வயதில் திடீரென்று இதயம் நின்று இறந்தவர் யாராவது இருந்தால் அதை மூவரின் மருத்துவருக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் மகனுக்கும் மருந்து தொடங்கும்போது கேட்டிருப்பார்கள், மகளிடம் யாரும் கேட்டிருக்க வழியில்லை.